மேடமாக நடிப்பவள்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளைத் தெருவே 'டீச்சர்' என்று கூப்பிட்டது. கேலிக்கு அல்ல. செல்போன் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று இருந்தது. வீட்டு வேலைக்காகக் கடல் தாண்டப் போகிற பெண்களுக்கு அங்கே அவள்தான் வகுப்பு எடுத்தாள்.

வகுப்பறையில் கரும்பலகை கிடையாது. ஒரு பெரிய அறையைப் பிளைவுட் தட்டியால் மூன்றாகத் தடுத்து, சமையலறை, படுக்கையறை, ஹால் என்று ஒரு பொய் வீட்டை அமைத்திருந்தார்கள். அடுப்புக்குக் கேஸ் இணைப்பு இல்லை. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு மட்டும் எரியும். ஃப்ரிட்ஜ் உண்மையாகவே ஓடியது, அதில் ஆபீஸ் ஆட்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. படுக்கையறையில் ஒரு ரப்பர் குழந்தை கிடந்தது. கழன்ற கையை யாரோ நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்தக் குழந்தை அழாது, வாந்தி எடுக்காது, காய்ச்சலில் கொதிக்காது. ஆகவே குழந்தை வளர்ப்புப் பாடத்தில் யாரும் தோற்றதில்லை.

ஹாலில் சோபா. அதில் டீச்சர் கால்மேல் கால் போட்டு உட்காருவாள். அவள்தான் மேடம். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து டீ நீட்ட வேண்டும், திட்டு வாங்க வேண்டும், 'எஸ் மேடம்' சொல்ல வேண்டும். முகத்தில் சிரிப்பு இருக்கலாம், பல் தெரியக் கூடாது.

ஓனர் அவளை வேலைக்கு வைத்தது அவள் திறமைக்காக அல்ல, அவளுடைய மாடிக்காக. ஏழு வருஷம் வெளிநாட்டில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்து, மாமனார் விட்டுப்போன பழைய வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்பியவள் அவள். சேரலாமா வேண்டாமா என்று தயங்குகிற பெண்களிடம் ஓனர் அதிகம் பேச மாட்டார். "போய் டீச்சர் வீட்டப் பாத்துட்டு வாங்கம்மா. அப்புறம் பேசலாம்," என்பார். அவர்களும் போய்த் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். பால்கனிக் கம்பி, வழுவழுவென்று டைல்ஸ், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. பார்த்துவிட்டு நேரே வந்து கையெழுத்துப் போடுவார்கள்.

அண்ணாந்து பார்த்தவர்கள் யாரும் கீழ்த்தளத்தைப் பார்த்ததில்லை. அங்கே நாத்தனார் குடியிருந்தாள், டீச்சருடைய கணவனின் அக்கா. டீச்சர் விமானம் ஏறியபோது அவள் மகளுக்கு மூன்று வயது. கணவன் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டு வாரக் கணக்கில் வெளியே கிடப்பவன். நாத்தனார்தான் தன் இரண்டு பையன்களோடு மூன்றாவதாகச் சேர்த்து அந்தப் பிள்ளைக்கும் ஊட்டிவிட்டாள், பேன் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். இப்போது மகளுக்குப் பதினான்கு. நாத்தனாரைத்தான் அம்மா என்பாள். "நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது," என்று அவளிடம் சண்டை போடுவாள். பெற்றவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. பேசியே ஆக வேண்டும் என்றால் 'நீங்க' போட்டு மரியாதையாகப் பேசுவாள், வீட்டுக்காரம்மாவிடம் வாடகைக்காரர் பேசுவது மாதிரி. மாடியில் அவளுக்கென்று கட்டிய அறையில் மழைநாளில் துணி காயப் போட்டார்கள். மகள் தூங்கியது கீழே, நாத்தனார் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

நாத்தனார் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கம்பெனியை ஒரு காலையில் பூட்டிவிட்டார்கள். அவள் கணவர் பெயின்டர். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு போய் வீட்டோடு கிடந்தார். சாரம் கட்டிய காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. பெரிய பையன் காலேஜில் சேர வேண்டிய நேரம். ஒரு நாள் நாத்தனார் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள்.

"நானும் போறேன்."

"எங்க அண்ணி?"

"நீ போனியே, அங்கதான். உங்க ஆபீஸ்ல பணம் கட்டியாச்சு. திங்கக்கிழமைலேருந்து உன் வகுப்புலதான் இருப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்ப. நீ போனப்ப உன் பிள்ளைய நான் பாத்துக்கிட்டேன்ல? இப்ப என் பசங்கள நீ பாத்துக்க. இதுல பேச என்ன இருக்கு?"

வேண்டாம் என்று சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தாள். அதற்குள் மனசுக்குள் வேறொன்று முந்திக்கொண்டது. இவள் போய்விட்டால் மகள் மாடிக்கு வருவாள். அப்படி நினைத்ததற்கு டீச்சர் கூனிக் குறுகினாள். ஆனாலும் நினைப்பு நகரவில்லை, அதன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. "டீ குடிக்கிறீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரே கும்மாளம்.

"நாத்தனார வேலை வாங்குற பாக்கியம் யாருக்கு டீச்சர் கிடைக்கும்? விட்டுடாதீங்க," என்றாள் ஒருத்தி.

"எங்க நாத்தனாரையும் சேத்துவிடட்டுமா? பீஸ் நானே கட்டுறேன்," என்றாள் இன்னொருத்தி.

நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். "கல்யாணமாகி வந்த புதுசுல நான் இவள என்ன பாடு படுத்தினேன் தெரியுமா? இப்ப வட்டியும் முதலுமா வாங்கிக்கட்டும்."

அவள் முறை வந்தது. தட்டில் கப்பை வைத்துக்கொண்டு, பிளைவுட் சமையலறையிலிருந்து நடந்து வந்தாள். டீச்சர் சோபாவில் சாய்ந்து, எல்லோரிடமும் சொல்கிற வசனத்தையே சொன்னாள்: "டீ ஆறிப் போச்சு. உனக்கு அறிவிருக்கா?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டு சரிந்தது. கப் தரையில் விழுந்து சிதறியது.

அந்தச் சத்தத்தில் மேடம் பதறினாள். டீச்சரின் இடது கை தன் பாட்டுக்கு எழும்பி இடது காதைப் பொத்திக்கொண்டது. தோள் இரண்டும் குறுகித் தலை உள்ளே இழுத்துக்கொண்டது. "ஐயோ, மேடமே பயந்துட்டாங்க," என்று யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார் குனிந்து சில்லுகளைப் பொறுக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சருக்கு இடது காது கேட்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே இருந்தபோது சீழ் பிடித்துப் போய்விட்டது என்று சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டு வேளையில் இரண்டு பேரும் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். கீழே செல்போன் கடையில் யாரோ ரிங்டோன்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சீழ் இல்ல அண்ணி," என்றாள் டீச்சர். "அயர்ன் பண்றப்ப ஒரு சட்டை தீஞ்சு போச்சு. அந்தம்மா கையில நாலு மோதிரம். ரத்தம் வந்தப்பவும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. வீட்டுக்குள்ளேயே பூட்டி வச்சிருந்தாங்க. நான் படுத்தது ஸ்டோர் ரூம்ல, அரிசி மூட்டைக்குப் பக்கத்துல. போகாதீங்க. இங்க ஏதாவது பாத்துக்கலாம்."

நாத்தனார் டிபன் டப்பாவை மூடினாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அடிச்சாங்கன்னு தெரியும். ஒரு நாள் நீ போன் பண்ணி, வந்துடட்டுமான்னு அழுத. உன் புருஷன் போன என் கையில குடுத்துட்டு வெளிய போயிட்டான். மேல அப்பத்தான் கான்கிரீட் போட்டு, பாதி சுவர் நின்னுச்சு. மழை வர்ற மாதிரி வேற இருந்துச்சு. நான்தான் சொன்னேன், இன்னும் ஒரு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருன்னு. நீ சரின்னுட்ட. அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்த."

டீச்சருக்கு அந்தப் பேச்சு நினைவில் இருந்தது. ஆனால் கணவன் பேசியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒரு காதில் ரத்தமும் மறு காதில் போனுமாக நின்றவளுக்குக் குரல் பிடிபடவில்லை.

"தெரிஞ்சுமா போறீங்க?"

"வேற என்ன வழின்னு நீ சொல்லு."

அவளிடம் வழி இல்லை. மாடிதான் இருந்தது. அதை விற்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. பாதி வீட்டை யார் வாங்குவார்கள் என்று அடுத்த கணம் தோன்றியது.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் நாத்தனார். "நான் அழுதா, வந்துடுன்னு சொல்லு. எவன் என்ன சொன்னாலும் நீ அதத்தான் சொல்லணும். நான் உனக்குச் சொன்னத எனக்குச் சொல்லிடாத."

பயிற்சி முடிந்ததும் டீச்சர் அவளுக்குப் பாஸ் போட்டாள். மற்றவர்களுக்குப் போடுவது போலவே போட்டாள். அதுதான் பின்னால் அவளை உறுத்தியது.

நாத்தனார் போன நாலாவது மாதம், ஒரு மத்தியானம், போன் வந்தது. அடக்கிய குரல். யாரோ தூங்குகிற வீட்டிலிருந்து பேசுகிற குரல். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. அழுகை மட்டும் வந்தது. டீச்சர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"வந்துடுங்க அண்ணி. இன்னைக்கே கிளம்பி வந்துடுங்க."

"எப்படிம்மா வர்றது?" என்றாள் நாத்தனார். கோபமே இல்லாமல், நிஜமாகவே வழி கேட்பவள் போலக் கேட்டாள். "பாஸ்போர்ட் அவங்க பீரோவுல இருக்கு. வாசல் சாவி அந்தம்மா இடுப்புல இருக்கு."

அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. ஏழு வருஷத்துக்கு முந்தி, அந்த போனில் 'வந்துடு' என்று யாராவது சொல்லியிருந்தாலும் அவளால் வந்திருக்க முடியாது. குடும்பம் நல்ல சொல் சொன்னாலும் கெட்ட சொல் சொன்னாலும் பூட்டு பூட்டாகவே இருந்திருக்கும்.

அன்றைக்கே ஓனரிடம் போனாள். அவர் போனைப் பார்த்தபடியே பேசினார்.

"புதுசுல எல்லாருக்கும் வீட்டு நினைப்பு வரும் டீச்சர். ரெண்டு வருஷம் முடியாம கூட்டிட்டு வர்றதுன்னா அந்த வீட்டுக்காரங்க நமக்குக் கட்டின பணத்த நாம திருப்பிக் குடுக்கணும். யாரு குடுக்குறது, நீங்களா? அதுவும் பாஸ் போட்டது யாரு? நானா?"

"அடிக்கிறாங்க சார்."

"உங்கள அடிக்கலையா? நீங்க என்ன கெட்டா போயிட்டீங்க?"

அரசாங்க அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கனிவாகவே கேட்டார், கனிவாகவே சொன்னார். பாதிக்கப்பட்டவர் அந்த நாட்டிலுள்ள நமது தூதரகத்துக்கு நேரில் வந்து புகார் கொடுக்க வேண்டுமாம். "அவங்கள வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க, அதான் புகாரே," என்றாள் டீச்சர். "ஆமாம்மா, அதையும் நேர்ல வந்து சொல்லணும்," என்றார் அவர்.

வீட்டில் நாத்தனாரின் கணவர் கட்டிலில் படுத்தபடி, "அவ தலையெழுத்து," என்றார்.

"தலையில யாருண்ணா எழுதினது?" என்று டீச்சர் கேட்டாள். அந்த மனிதரிடம் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "சாரத்த ஒழுங்காக் கட்டாதவன் ஒரு வரி எழுதினான். கம்பெனியப் பூட்டினவன் ஒரு வரி. எங்க ஓனர் ஒரு வரி. கடைசியில நான் ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எல்லாம் மனுஷங்கதான். எல்லாருக்கும் வீட்டு விலாசம் இருக்கு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் சோபாவில் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மோதிரம், ரத்தம், ஸ்டோர் ரூம், பூட்டு, நேற்று முன்தினம் வந்த போன். வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னாள். பெண்கள் அசையாமல் கேட்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின் வரிசையில் இருந்த இன்னொருத்தி மெதுவாகக் கேட்டாள்:

"எல்லாம் சரி டீச்சர். அப்ப மாடி எப்படிக் கட்டினீங்க?"

ஒருத்திகூட எழுந்து போகவில்லை. போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் இருந்திருந்தால் அங்கே வந்தே இருக்க மாட்டார்கள். அவளைக் கேட்டுத்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். முடிவு எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

சாயங்காலம் ஓனர் கூப்பிட்டார். மேஜையைக் காலி செய்யத் தயாராகத்தான் போனாள். அவரோ நாற்காலியைக் காட்டினார்.

"நீங்க பேசினத கேட்டேன். நல்ல விஷயம். இனிமே ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் நாளே சொல்லிடுங்க. எல்லாம் கேட்டுக்கிட்டோம்னு ஆளுக்கொரு கையெழுத்து வாங்கிடலாம். பின்னாடி யாரும் நம்மள வந்து கேக்க முடியாது பாருங்க. அதோட, உண்மையச் சொல்லி அனுப்புற ஆபீஸ்னு நமக்குப் பேரும் வரும்."

அப்படியே ஆயிற்று. பேரும் வந்தது. அடுத்த பேட்ச்சில் உட்கார நாற்காலி போதவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று டீச்சர் பல நாள் நினைத்தாள். நாத்தனார் அனுப்பும் சம்பளம் பாதி மாதங்கள் வரவே இல்லை. பெரியவனுடைய காலேஜும் பெயின்டருடைய மாத்திரையும் அவள் சம்பளத்தில்தான் ஓடின. விடவில்லை.

நாத்தனார் பிறகு அழவில்லை. வாரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, நல்லா இருக்கேன், நேரத்துக்குச் சாப்பிடுறேன் என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்து வீடே கேட்டது. 'நல்லா இருக்கேன்' என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். டீச்சரிடம் தனியாகப் பேச நாத்தனார் கேட்கவே இல்லை.

ஒரு நாள் போன் வைத்த பிறகு மகள் மாடிக்கு ஏறி வந்தாள். வெளிநாட்டில் இருந்த ஆள் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லையே. கட்டில் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்து கேட்டாள்.

"அங்க அம்மாவுக்குத் தனி ரூம் குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்க."

"ஜன்னல் இருக்குமா? அம்மாவுக்கு ஜன்னல் இல்லாம தூக்கம் வராது."

"பெரிய ஜன்னலே இருக்கும்."

"அப்ப ஏன் வீடியோல வர மாட்டேங்குது?"

"அங்க நெட்டு அப்படி. நான் இருந்தப்பவும் அப்படித்தான்."

மகள் தலையாட்டினாள். அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரம் தலையணையை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். அந்த வீட்டில் மாடிப்படி உண்டா, தோட்டம் உண்டா, மேடம் நல்லவங்களா என்று கேட்டுக்கொண்டே வந்து, இவள் தோளில் தலை வைத்துக்கொண்டாள். மேடம் ரொம்ப நல்லவங்க என்று டீச்சர் சொன்னாள். அவள் சொன்னதை மகள் ஒரு வார்த்தை விடாமல் நம்பினாள்.