பலூன் வெடித்த சலூன்

விடுமுறை நாளில் சலூன்காரர் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அன்று தரையில் முடி கொஞ்சம்தான் கிடந்தது. கிழிந்த சிவப்பு ரப்பர் துண்டுகள்தான் நாற்காலிக்கு அடியிலும் கண்ணாடி மேடைக்குக் கீழேயும் சிதறிக் கிடந்தன. எல்லாம் பலூன்.

அவர் தொழில் கற்றதே பலூனில்தான். சித்தப்பா கடையில் சேர்ந்த புதிதில், ஊதிய பலூன்மேல் சோப்பு நுரை தடவி, கத்தியால் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். வெடித்தால் அன்றைக்கு மனுஷ முகம் கிடையாது. தன் கையில் ஒன்றுகூட வெடித்ததில்லை என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வார். கல்யாணமான புதிதில் சித்தப்பாவிடம் விசாரித்துவிட்ட மனைவி மட்டும், "ரெண்டு வெடிச்சுது" என்பாள்.

நேற்றுக் கடையைச் சாத்திய பிறகு உள்ளே உட்கார்ந்து அதே பலூன் சோதனையைச் செய்து பார்த்தார். வாங்கி வந்த பலூன் ஒன்றும் மிஞ்சவில்லை. நடுங்கியது வலது கை. கத்தரியையும் மெஷினையும் பிடிப்பதில் வம்பில்லை. மெஷினே நடுங்குகிற சாமான், அதோடு சேர்ந்து கை நடுங்குவது யாருக்குத் தெரியப்போகிறது? கத்தியை எடுத்தால்தான் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் சில மாதங்களாகச் சவரத்துக்கு வந்து உட்காருகிறவர்களிடமெல்லாம், "தாடி உங்களுக்கு எடுப்பா இருக்கு, எடுத்துடாதீங்க" என்று சொல்லி, ஓரத்தை மட்டும் ஒதுக்கி அனுப்பினார். தெருவில் தாடி பெருகியது. கடைசியில் அவர் முகத்திலேயே வளர்ந்துவிட்டது.

மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் சலூன் துண்டுகளைத் துவைப்பதும் அவள்தான். போன வாரம் கேட்டாள்: "நம்ம கடைக்கு வந்து போறவங்க எல்லாம் ஏன் காட்டுல வழி தப்பினவங்க மாதிரி இருக்காங்க?"

ஃபேஷன் என்றார் இவர்.

"ஃபேஷன் சரி. நுரை டப்பா வாங்கி எவ்வளவு நாளாச்சு? குறையவே மாட்டேங்குதே?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நேற்று வீட்டுக்கே போகவில்லை. காலையில் பிள்ளைகள் வருவார்கள், கடையைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியிலேயே படுத்துவிட்டார்.

பிள்ளைகள் என்றால் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள். வாரா வாரம் ஒரு பெரிய டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து, வீடில்லாமல் தெருவில் படுத்து எழுகிறவர்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பார்கள். முதலில் பாலத்தடியில்தான் பார்த்தார்கள். ஒருநாள் கொட்டுகிற மழையில் மருந்துப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியவர்களை இவர்தான் ஷட்டரைத் தூக்கி உள்ளே கூப்பிட்டார். சாய்கிற நாற்காலி, பளிச்சென்ற விளக்கு, குழாயைத் திறந்தால் வெந்நீர், பிள்ளைகள் மயங்கிப்போனார்கள். அன்றிலிருந்து விடுமுறை நாளில் சலூன் ஆஸ்பத்திரி. வருகிறவர்களுக்கு முடிவெட்டும் சவரமும் இவர் கணக்கில் இலவசம். இப்போது சவரம் மட்டும் இல்லை. பாலத்தடியில் எல்லோரும் 'கேப்டன்' என்று கூப்பிடுகிற ஆள் போன வாரமே முறைத்துக்கொண்டார்: "அண்ணே, நீங்க அழகு பாக்கறதுக்கா நான் தாடி வளக்கறேன்? அரிக்குது."

இன்று காலை வேன் வந்ததும் பிள்ளைகள் பெட்டி இறக்க ஓடினார்கள். இவர் பலூன் துண்டுகளை முறத்தில் அள்ளி ஓரமாக வைத்துவிட்டு, வாசலை ஒட்டி உள்ளே கிடந்த பெஞ்சில் இடுப்பைச் சாய்த்தார். கசங்கிய சட்டை, தூங்கி எழுந்த தலை, தாடி. இன்றுதான் முதல் தடவையாக வந்திருந்த ஒரு மாணவி, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். முதல் கேள்வியாக வியாதியைக் கேட்கக்கூடாது, வீட்டையும் கேட்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"ராத்திரி எங்க படுத்தீங்க ஐயா?"

இவருக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் குறும்பு விடவில்லை. பொய் சொல்லவும் அவசியம் இருக்கவில்லை.

"நாற்காலியில."

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"சம்சாரம் இருக்கா. கேள்வி கேக்கறா, அதான் போகல."

அவள் பரிதாபமாகத் தலையாட்டினாள். நாடி பிடித்தாள், நாக்கைப் பார்த்தாள், கையை நீட்டச் சொன்னாள். விளையாட்டில் இறங்கியாயிற்று, நீட்டினார். விரல்களை விரிக்கச் சொல்லி, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். தாள் படபடத்தது. அவள் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். அது ஓடவில்லை.

பெட்டியோடு உள்ளே வந்த மூத்த மாணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏய், அவர் பேஷண்ட் இல்ல. கடையே அவரோடது."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். மாணவியின் முகம் சிவந்தது, ஆனால் தாளை எடுக்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க அண்ணே," என்றாள் தாழ்ந்த குரலில். "ஆனா பெரிய டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும். பயப்படற மாதிரிதான் இருக்கணும்னு இல்ல."

இவர் கையை இழுத்துக்கொள்ளத் திரும்பியபோது, துவைத்த துண்டு மூட்டையோடு மனைவி வாசலில் நிற்பதைக் கண்டார். எப்போதிருந்து நிற்கிறாளோ. தாள் நழுவித் தரையில் விழுந்தது.

அவள் உள்ளே வந்தாள். துண்டுகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். கடைசித் துண்டை வைக்கும்போது ஓரத்தில் இருந்த முறம் கண்ணில் பட்டது. குனிந்து ஒரு சிவப்பு ரப்பர் துண்டை எடுத்து விரலால் இழுத்துப் பார்த்தாள்.

அதற்குள் வந்து சேர்ந்த கேப்டன் சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வெள்ளைத் துணியைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கிக் காட்டினார். "இன்னிக்காவது உண்டா அண்ணே?"

மனைவி கணவனைத்தான் பார்த்தாள். குரலில் கோபமில்லை.

"எத்தனை வெடிச்சுது?"

சலூன்காரர் முறத்தைத் தூக்கினார். பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு, குப்பை கொட்டுகிறவர்போலக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.