சிஞ்ஞோராவின் அறையில் சிவப்பு விளக்கு

இத்தாலியில், பலெர்மோவில் நாங்கள் இருப்பதா போவதா என்பது ஒரு கிழவியின் நித்திரையில் தங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். அப்பாவுக்குக் கோடையில் மட்டும் மொண்டெல்லோவில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவும் வேலை. அதற்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. அம்மாதான் வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில் தனியே வாழ்ந்த சிஞ்ஞோரா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிட்ட இத்தாலியக் கிழவி ஒருவரைப் பார்த்துக்கொண்டார். அந்த வேலை இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பார்கள். வேலை போனால் அதுவும் போகும், பின்னாலேயே நாங்களும் போவோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, எனக்கு எட்டு வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். அம்மாவுக்கு இத்தாலி மொழி என்றால் நான்தான்.

சிஞ்ஞோரா பகலெல்லாம் நித்திரை கொள்வார். வெயில் பட்டால் மேசை கதிரைத் தளபாடம் வெளிறிவிடும் என்று யன்னலின் மரக்கதவுகளை இறுக்கிச் சாத்தி வைத்திருப்பார். நான் மத்தியானம் போகும்போது அறை அடுப்படிப் பானைக்குள் இருப்பதுபோல் கறுத்துக் கிடக்கும். இரவானால் எல்லாம் தலைகீழ். முன்பு ஒருமுறை கழிப்பறைக்குப் போகிற வழியில் இருட்டில் விழுந்தவராம். அதனால் கட்டிலுக்கு மேலே தொங்கிய கண்ணாடிக் கொத்து விளக்கை விடியும்வரை எரிய விடுவார். அதற்குக் கீழே முழித்தபடி கிடந்து, அலுத்துப்போய் மகளுக்குத் தொலைபேசி எடுப்பார். மகள் பாவம், அவருக்கும் காலையில் வேலைக்குப் போகவேண்டும். ஒருநாள் வந்து, இப்படியே போனால் தாயைக் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் விடப்போவதாகச் சொன்னார். வைத்தியர் சொன்னதையும் சொன்னார்: வயது போன கண்ணுக்குப் பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும், இரவில் இருட்டு வேண்டும், அப்போதுதான் உடம்புக்கு எது பகல் எது இரவு என்று பிடிபடும். நான் அதை அப்படியே தமிழில் ஒப்புவித்தேன். அம்மாவின் மனம் இல்லம் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க என் கையை நோகும்படி பிடித்திருந்தார்.

பகலை அம்மா சமாளித்துவிட்டார். மரக்கதவுகளைத் திறந்தார், ஏச்சு வாங்கினார், மறுநாளும் திறந்தார். சிஞ்ஞோராவின் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் பால்கனியில் போட்டார். கீழே காய்கறி வண்டிக்காரன் கூவுவான், சிஞ்ஞோரா மேலிருந்து அவனுடைய தக்காளியைப் பழிப்பார், அவன் திருப்பிச் சொல்வான். இரண்டு பேருக்கும் பொழுது நன்றாகப் போனது. பகல் நித்திரை குறைந்தது. ஆனால் இரவு விளக்கை மட்டும் அணைக்க மாட்டேன் என்று கிழவி ஒற்றைக்காலில் நின்றார். விழுந்து இடுப்பு முறிந்தால் நீயா வந்து தூக்குவாய் என்று அம்மாவைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர் இலங்கையில் மன்னார். அங்கே வேதக்காரரான கத்தோலிக்கர் வீடுகளில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இரவு பகலாக எரியும். வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறையிலும் அது எரிந்தது. எங்களுடையது வெறும் வழக்கத்துக்காக எரிந்ததல்ல. சண்டை நேரம் என் மாமா, அம்மாவின் தம்பி, இந்தியாவுக்கென்று படகேறியவர். அக்கரை சேர்ந்தாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் வருமட்டும் விளக்கை அணைக்க மாட்டேன் என்று அம்மா மடு மாதாவுக்கு நேர்ந்திருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நித்திரையெல்லாம் அந்தச் சிவப்புக்குள்தான். கண்ணையும் குத்தாது, காலடியும் தெரியும். சிஞ்ஞோராவுக்கும் இதுதான் மருந்து என்று அம்மா முடிவு கட்டினார்.

கோயில் சாமான் விற்கும் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சிவப்பு விளக்கைக் காட்டினோம். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, யாருக்கு என்று கேட்டார். சிஞ்ஞோராவுக்கு என்றார் அம்மா. அவர் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு, என் தலையைத் தடவிவிட்டார். விளக்கு வாங்கினால் இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஒரே புளுகமும் பெருமையும். அன்று பின்னேரமே அம்மா அதைச் சிஞ்ஞோராவின் அலுமாரிமேல் வைத்து, அவர் கண்ணயர்ந்ததும் கொத்து விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்களே. வேதக்காரருக்கும் அதற்கு வேறு பழமொழி கிடையாது. மறுநாள் நாங்கள் போனபோது மகள் வாசலிலேயே நின்றார். சிஞ்ஞோரா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டேயிருந்தார். என்னவாம் என்று அம்மா கேட்டார்.

"தான் இன்னும் சாகேல்லையாம்," என்றேன்.

"ஆர் செத்தவ எண்டு சொன்னது?"

எனக்குத் தெரியவில்லை. மகள்தான் விளக்கினார். இந்த ஊரில் இந்த விளக்கைக் கல்லறையில் வைப்பார்களாம். கண் விழித்த கிழவி, தன்னை அடக்கம் செய்துவிட்டார்கள் என்று நினைத்து அலறியிருக்கிறார். இல்லத்தில் இடம் கேட்டாயிற்று என்றும் மகள் சேர்த்துச் சொன்னார். எங்கள் வீட்டில் இது உயிரோடு இருக்கிறவர்களுக்கு எரிகிறது, அதை அவவுக்குச் சொல்லு என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். சொன்னேன். யாருக்காக எரிகிறது என்று சிஞ்ஞோரா கேட்டார். அம்மா மாமாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்: படகில் போனார், ஐந்தாறு வருசமாகக் கடிதமில்லை, அம்மா வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"கடலிலா?" என்று மட்டும் கேட்டார் சிஞ்ஞோரா.

ஓம் என்று நான் தலையாட்டினேன். அவர் மாமாவின் பெயரைக் கேட்டு, தன் வாய்க்கு வந்தபடி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு மகளை வீட்டுக்குப் போகச் சொன்னார். விளக்கு இங்கேயே எரியட்டும், அந்தப் பையனுக்காக எரியட்டும் என்றார். விளக்கு தனக்கென்று எரிந்தால் பயம், இன்னொருவருக்கென்றால் துணை என்று அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. புரிந்ததை மட்டும் அம்மாவிடம் சொன்னேன்: விளக்கு மாமாவுக்காக இருக்கட்டுமாம், தனக்குத் துணையாம். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வேற்று நாட்டுக் கிழவி ஒருத்தி தன் தம்பி திரும்பி வர விளக்கெரிக்கிறாள் என்று நினைத்துவிட்டார். சிஞ்ஞோராவின் கைகளைப் பிடித்துக் கொஞ்சினார்.

அதன்பிறகு சிஞ்ஞோரா நன்றாக நித்திரை கொண்டார். கொத்து விளக்கு அணைந்தது, நடு இரவுத் தொலைபேசி நின்றது, இல்லம் என்ற பேச்சே இல்லை. எங்கள் பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கப்பட்டது. கொத்து விளக்கை அணைக்கச் சிஞ்ஞோராவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. பின்னேரம் நாங்கள் புறப்படும் முன் அவர் கட்டிலில் கைகூப்பி உட்காருவார், நாங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும். மாமாவின் பெயரைச் சொல்லி ஒரு சின்னச் செபம் சொல்வார். முடிவில் அம்மா ஆமென் சொல்லவேண்டும். முதல் நாள் அம்மா உடனே சொல்லவில்லை. சிஞ்ஞோரா காத்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்ன பிறகுதான் கொத்து விளக்கை அணைக்க விட்டார்.

அது இறந்தவர்களின் ஆன்மாவுக்குச் சொல்லும் செபம். பல வருடம் கழித்து, அதே சிஞ்ஞோராவின் அடக்கப் பூசையில் நின்றபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்கும். இத்தாலி மொழி வராவிட்டாலும் இந்த ஊரில் எத்தனை சவ அடக்கத்துக்குப் போயிருப்பார்! ஆனால் கிழவி நித்திரை கொள்ளவேண்டும், நாங்கள் இருக்கவேண்டும்.

அப்போது நான் கண்டது இவ்வளவுதான். கோயிலில் ஊரே கேட்கப் பாடுகிற அம்மா, அந்த ஆமெனை மட்டும் வாய்க்குள்ளேயே சொல்வார். படியிறங்கும்போது இரண்டாம் மாடி வளைவில் நிற்பார். அடுத்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொல்வார்:

"மடுத் தாயே, இப்ப நான் சொன்னதைக் கணக்கிலை எடுக்காதேயம்மா."

ஒவ்வொரு நாளும் சொன்னார். ஆமென் என்ற ஒரு சொல்லைத் தவிர அம்மா அங்கே வேறெதுவும் சொல்லவில்லையே, மாதா எதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று நான் குழம்பியபடி, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்குவேன்.