மீதி இரண்டு நிமிஷம்

பாலசுந்தரத்தின் பண்ணையில் பதினெட்டாயிரம் முட்டைக்கோழிகள். அத்தனையும் ப்ரோக்ரெசிவ் ராக் கேட்டு வளர்ந்தவை. மோகனூர் ரோட்டில் ஒரு லாரிக்காரன் ஏர் ஹாரனை அமுக்கினால் போதும், கூண்டுக்குள் கோழிகள் மிரண்டு மறுநாள் முட்டை குறைந்துவிடும். அதனால் நாமக்கல் பக்கம் ஷெட்டில் பகல் முழுக்க எதையாவது பாடவிட்டுக் கோழிகளைச் சத்தத்துக்குப் பழக்குவார்கள். மற்ற பண்ணைக்காரர்கள் எஃப்எம் ரேடியோவோடு நிறுத்திக்கொண்டார்கள். பாலசுந்தரம் அப்படி நிறுத்திக்கொள்கிற ஆள் இல்லை.

அது என்ன பாட்டு என்று கேட்டு அவருடைய சம்பந்தி ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"இங்கிலாந்துல ஆரம்பிச்சதுங்க. எழுபதுகள்ல நல்லா ஓடுச்சு. ஒரு பாட்டு இருவது நிமிசம் போகும். நடுவுல நாலஞ்சு தடவ தாளம் மாறும். ஏழு எண்ணிக்கிட்டு இருப்போம், திடீர்னு பதினொண்ணு எண்ணோணும். ஆடறதுக்கெல்லாம் ஆகாதுங்க" என்றார் பாலசுந்தரம்.

"அப்பறம் எதுக்குங்க அது?"

அதற்கான பதில் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அதன் பிறகு சம்பந்தி இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது அவசர வேலையோடுதான் வருகிறார்.

பாலசுந்தரத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. தோட்டம், பண்ணை, தீவன அரவை மிஷின் எல்லாம் உண்டு. ஆனால் அவருடைய சொத்து என்று அவரே நினைப்பது அபிப்பிராயங்களைத்தான். தீவனக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கிற டைரியில் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பக்கத்தில் காரணமும் எழுதிவைப்பார். அப்படி இருபத்தெட்டு டைரி பீரோவில் இருக்கிறது. அதே பீரோவில் பத்திரங்களும் இருக்கின்றன. பத்திரங்கள் கீழ்த்தட்டில்.

எழுபதுகளில் இரட்டைத் தட்டாக வந்த எந்த ஆல்பத்திலும் ஒரு தட்டு வேண்டாதது என்பது அவர் கட்சி. எண்பதுகளில் அதே ஆட்கள் முடியை வெட்டிக்கொண்டு நாலு நிமிஷப் பாட்டு போட்டதை, பந்தியில் உட்காரவைத்து ஐஸ்கிரீமை மட்டும் வைத்து அனுப்பிய கல்யாணம் என்று எழுதியிருக்கிறார். இப்போது போலந்திலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வருகிற பையன்கள்மேல் அவருக்கு மரியாதை உண்டு. "வாசிக்கத் தெரியுது. நிறுத்தத் தெரியல" என்று ஒரு குழுவுக்கு ஆறு மார்க் போட்டார். இன்னொரு புது ஆல்பத்தில் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்து ஒன்பதாவது நிமிஷத்தில் கிடார் இடி மாதிரி இறங்கியது. மூன்றாம் நம்பர் ஷெட்டில் கோழிகள் தீவனத்தில் வாய் வைக்கவில்லை. அதற்கு மூன்று மார்க். காரணம் என்ற இடத்தில் 'கோழி' என்று மட்டும் எழுதினார்.

பத்துக்குப் பத்து வாங்கியது ஒரே ஒரு ஆல்பம். பேல் டர்ன்பைக் என்ற குழுவின் 'தி கிரானரி கிளாக்'. தொண்ணூற்றிரண்டில் சேலம் பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவன் அந்த இசைத்தட்டை இரண்டே நாள் இரவல் கொடுத்தான். பாலசுந்தரம் அதை நாமக்கல்லில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, தொண்ணூறு நிமிஷ கேசட் ஒன்றில் பதிந்து வாங்கிக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து அந்தச் சென்டர்காரரின் மகள் சாரதாமணியையே அவருக்குப் பார்த்து முடித்தார்கள். கேசட்டுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை, ஜாதகம்தான் பொருந்தியது.

அந்த ஆல்பத்தின் பெருமை அதன் முடிவில் இருக்கிறது. கடைசிப் பாட்டு பத்தொன்பது நிமிஷம். ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் கீபோர்டு சுற்றிச் சுற்றி மேலேறி, மெல்லத் தேய்ந்து போகும். போய்விட்டது என்று நாம் நினைக்கும்போது அதே ஏழில் தவில் இறங்கும். கூடவே நாதஸ்வரம். இரண்டு நிமிஷம். கடைசியில் எங்கோ தள்ளி நின்று ஒரு பெண் சிரிப்பாள், அதோடு முடிந்தது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் குழுக்கள் சிதாரைத் தொட்டார்கள், தபேலாவைத் தொட்டார்கள், இவர்கள் ஒரு படி மேலே போய் நாதஸ்வரத்தையே தொட்டுவிட்டார்கள் என்பது பாலசுந்தரத்தின் ஆராய்ச்சி. அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் நாலு டைரியில் எழுதியிருக்கிறார். 'இதற்குப் பிறகு வந்த எவனுக்கும் இப்படி முடிக்கிற தைரியம் இல்லை' என்று ஒரு டைரியில் அடிக்கோடு போட்டிருக்கிறது.

இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஜீவன் கதிர்வேல். வள்ளிபுரம் பக்கம் லாரி பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறவர், பாலசுந்தரத்தின் பழைய சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்து ஹாலில் உட்கார்ந்தால் இரண்டு ஆல்பம் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவருக்குப் புதுசுதான் பிடிக்கும்.

ஒரு ஞாயிறு கதிர்வேல் ஃபோனை நீட்டினார். "பங்காளி, உன்ற ஆல்பத்த இதுல கேட்டுட்டன். மேளமும் இல்ல, சிரிப்பும் இல்ல. கீபோர்டு தேயுது, அவ்வளவுதான்."

"ஃபோனுக்காக வெட்டியிருப்பான்."

"ரெண்டு நிமிசத்த வெட்டி அவன் என்ன பண்ணப் போறான்?"

பாலசுந்தரத்துக்குச் சுருக்கென்றது. இங்கிலாந்தில் இருக்கும் மகள் தனப்பிரியாவைப் பிடித்து, முடிவை வெட்டியது நியாயமா என்று இசைக் கம்பெனிக்கு மெயில் அனுப்பவைத்தார். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுக்கவில்லை பார்த்தாயா என்றார் பாலசுந்தரம்.

போன வருஷம் அந்த ஆல்பத்துக்கு ஐம்பது வருஷம் ஆனது. ஆதி ஒலிநாடாவிலிருந்து ஒரு நொடி விடாமல் எடுத்தது என்று பெட்டி போட்டு விற்றார்கள். தனப்பிரியா ஒன்று வாங்கி அனுப்பினாள். பெட்டி வந்த தகவல் கிடைத்ததும் பாலசுந்தரம், கதிர்வேலின் பட்டறைக்கே போய், வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த ஆட்கள் முன்னால் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வா. அதுல அந்த ரெண்டு நிமிசம் இல்லீன்னா, இனிமே நான் எந்த ஆல்பத்தப் பத்தியும் வாய் தொறக்க மாட்டேன். டைரியும் எழுத மாட்டேன்."

வெல்டிங் ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கதிர்வேலுக்குப் புரிந்தது, அவர் பயந்துபோனார். அபிப்பிராயம் சொல்லாத பாலசுந்தரத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிறு நாலு மணி. பெட்டிக்குள் நாலு சிடியும் ஒரு தடிப் புத்தகமும் இருந்தன. பாலசுந்தரம் புத்தகத்தில் வாசித்தவர்கள் பட்டியலைப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாவது தடவை விரல் வைத்துப் படித்தார். பிறகு சிடியைப் போட்டார்.

நாற்பத்து மூன்று நிமிஷம். கீபோர்டு ஏழில் சுற்றியது, ஏறியது, தேய்ந்தது. பாலசுந்தரம் ஸ்பீக்கரைப் பார்த்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிளேயர் தானாக நின்றது. வெளியே ஷெட்டில் கோழிகள் கேறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கதிர்வேல் ஜெயித்த மாதிரியே இல்லை. "ஒருவேள வேற சிடில இருக்குமா இருக்கும் பங்காளி" என்றார். பாலசுந்தரம் தலையை மட்டும் ஆட்டினார். வாக்கு வாக்குதான். அவர் முகத்தைப் பார்க்கவே கதிர்வேலுக்குக் கஷ்டமாக இருந்தது.

டீ கொண்டுவந்த சாரதாமணி டம்ளர்களை வைத்தாள். எப்போதும் உடனே உள்ளே போய்விடுகிறவள், அன்று அங்கேயே நின்றாள்.

"அது அவங்க வாசிச்சது இல்லீங்க. நான் போட்டது."

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"தொண்ணூறு நிமிசக் கேசட்டுல ஒரு பக்கம் நாப்பத்தஞ்சு. பாட்டு நாப்பத்து மூணுலயே முடிஞ்சிருச்சு. டேப்பு சும்மா ஓடுனா வாங்கறவங்க சண்டைக்கு வருவாங்க, காசு குடுத்த டேப்ப வீணடிச்சுட்டீங்கன்னு. அதனால மீதி இருந்தா எதையாச்சும் போட்டு ரொப்பீருன்னு எங்கப்பா சொல்லி வெச்சிருந்தாரு. எல்லாருக்கும் சினிமாப் பாட்டுதான் போடுவேன். இதுக்கு அது ஒட்டலீங்க. எங்க பெரியக்கா கல்யாணத்துல புடிச்ச மேளம் ஒண்ணு இருந்துச்சு. அதும் இதே தாளம். அதப் போட்டுட்டேன்."

கதிர்வேல் டீயைக் கீழே வைத்தார். "அப்ப அந்தச் சிரிப்பு?"

"மைக்க நான்தானுங்கண்ணா புடிச்சிருந்தேன்."

எந்த வருஷத்து ஆல்பத்தில் டிரம்மர் மாறினான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய காது பாலசுந்தரத்தினுடையது. அந்தக் காதுக்கு, முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற சாரதாமணியின் சிரிப்பு தெரியவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. டிரம்மர்கள் எல்லாரும் ஒரே நாளில் அற்பமாகிப் போனார்கள்.

"ஏன் சொல்லல?" என்றார்.

"கல்யாணமான மொத வாரம் போட்டுக் காட்டுனீங்க. இது ஐரிஷ்காரப் பொண்ணு சிரிப்புன்னு சொன்னீங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிக்காமக் கேளுன்னுட்டீங்க." அவள் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "சரி, நீங்களே கண்டுபுடிப்பீங்கன்னு இருந்துட்டேன்."

பாலசுந்தரம் எழுந்து பீரோவைத் திறந்தார். இந்த வருஷத்து டைரியையும் பேனாவையும் எடுத்துவந்தார். கிரானரி கிளாக் என்று தலைப்பு மட்டும் எழுதினார். மார்க் போடுகிற இடம் வந்ததும் கை நின்றது. இனிமேல் எழுத மாட்டேன் என்று பத்து வெல்டிங்காரர்கள் முன்னால் சொல்லியாகிவிட்டது. டைரியைத் திருப்பிச் சாரதாமணியிடம் நீட்டினார்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள்.

"நீ முழுசாக் கேட்டவ. சொல்லு."

சாரதாமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்த ஹாலில் அவள் உட்காருவது அதுதான் முதல் தடவை. பேனாவை வாங்கிக் கொஞ்சம் யோசித்தாள்.

"மூணாவது பாட்டு சும்மா இழுவை. கடைசிப் பாட்டு நல்ல பாட்டுங்க. ஆனா முடிக்கத் தெரியாம வுட்டுட்டாங்க. அதான் நான் முடிச்சு வெச்சேன்."

ஏழு என்று எழுதினாள். கதிர்வேல் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அதைப் பார்த்துச் சாரதாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கடைசிவரை கேட்டார்.