செம்மண் பூசிய முள்ளங்கி

சுத்தமான காயை அழுக்காக்குவது லேசுப்பட்ட வேலையல்ல. முள்ளங்கி அக்கா அதில் மூன்று வருடம் பழுத்தவள். விடியுமுன் மொத்தக் கடையில் கழுவித் துடைத்த முள்ளங்கியை வாங்கி வந்து, குளியலறைத் தரையில் பரப்பி, குழைத்த மண்ணை நுனியில் கொஞ்சம், காம்படியில் கொஞ்சம் தடவி, ஈரச் சாக்கு போட்டு மூடுவாள். ஞாயிறு காலையில் உழவர் சந்தைக்கு உலாவ வருகிறவர்களுக்கு மண் ஒட்டாத காய் காயே அல்ல. கழுவிய காய் தெருமுனையில் பாதி விலைக்குக் கிடைக்கும்தான். அதில் ஆரோக்கியம் இருக்காதாம்.

சொந்த நிலத்தில் விளைவிப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சந்தையில் இடம். நிலத்தின் அளவு, மண்ணின் வகை எல்லாம் அச்சிட்ட அட்டை கழுத்தில் தொங்க வேண்டும். அக்காவிடம் அட்டை இருந்தது, நிலம்தான் இல்லை. வீட்டுக்காரரின் முதுகு அறுவைக்காக அது போயிற்று. அறுவை வெற்றி என்று மருத்துவர் அறிவித்தார். வீட்டுக்காரர் படுத்தபடியே கேட்டுக்கொண்டார், இன்றும் படுத்தபடியேதான் இருக்கிறார். நிலம் கைமாறிய அன்று அக்கா நான்கு மூட்டை கரிசல் மண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டாள். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்துக் கண்கலங்கினார்கள். அது மூலதனம்.

நான்காவது மூட்டை போன ஞாயிற்றோடு தீர்ந்தது. பக்கத்து மனையில் வீடு கட்டத் தோண்டியிருந்தார்கள். மண் மண்தானே என்று ஒரு வாளி அள்ளிக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வாய் அப்படிச் சொல்லியிருக்காது.

சந்தையில் அவளுடைய முதல் வாடிக்கையாளர் எப்போதும் நடை ஐயா. காலை நடைக்கு வருகிற ஓய்வு பெற்ற அதிகாரி. எதில் அதிகாரி என்று யாரும் கேட்டதில்லை, குரலே சொல்லிவிடும்.

"அடடே! என்னம்மா, இந்த வாரம் செம்மண்ணா?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெதுவா பேசுங்கய்யா."

"நல்லதை எதுக்கு மெதுவா பேசணும்? போன வாரம் வரைக்கும் கரிசல், இப்ப செம்மண். இரும்புச்சத்து ஜாஸ்தி! சார், இங்க வந்து பாருங்க!"

அந்தச் சார் சந்தையின் மேற்பார்வையாளர். வாராவாரம் அட்டைகளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர், இன்று குனிந்து பார்த்தார். தவளைதான் தன் வாயால் கெடும்; அக்கா வாடிக்கையாளர் வாயால் கெட்டாள்.

"அட்டைல கரிசல்னு போட்டிருக்கேக்கா?"

"பக்கத்து வயல் மண்ணு சார். மழைல அடிச்சுட்டு வந்துருச்சு."

"மழையா? நாலு மாசமா எங்கக்கா பெய்யுது?"

அடுத்த கடை வாழைக்காய்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "இந்த மாதிரி ஆளுங்களாலதான் சார் விவசாயி மானம் போகுது! விடாதீங்க!"

அன்று விடியுமுன் மொத்தக் கடை வரிசையில் அக்காவுக்கு முன்னால் நின்றவர் அவர். அக்கா வாயைத் திறந்தாள். அவர் தன் அட்டையைச் சட்டைக்குள் செருகுவதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார். "நான் மட்டும் பாத்திருந்தா விட்டிருப்பேன்க்கா. ஊரைக் கூட்டிட்டாரே மனுஷன், நான் என்ன பண்ண?" அவள் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

நடை ஐயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப மூணு வருஷமா நான் என்னத்தம்மா தின்னேன்?"

"முள்ளங்கிதான்யா."

அது அவருக்குப் போதவில்லை. "இனிமே யாரை நம்புறது?" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அவருடைய துக்கம் உண்மையானது. ஒருவர் விசிறினார், ஒருவர் தண்ணீர் கொடுத்தார், இன்னொருவர் நாடு போகிற போக்கைச் சொல்லி ஆறுதல்படுத்தினார். கூடையைத் தூக்கிவிட அக்காவுக்கு ஒரு கை தேவைப்பட்டது. ஆறு கையும் ஐயாவிடம் இருந்தன.

வேறு வழியில்லாமல் பாதியைச் சாக்கில் கட்டி வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, மீதிக்குத் திரும்பினாள். காவலாளி கையை நீட்டினார்.

"அட்டை?"

"இப்பத்தானப்பா வெளிய வந்தேன். மீதி உள்ள கெடக்கு."

"அட்டை இல்லாம இந்த வழியா விடக்கூடாதுக்கா. வாங்க வர்றவங்களுக்கு அந்தப் பக்கம் வரிசை."

அக்கா மண் காய்ந்த கைகளைத் தட்டிக்கொண்டு, வாங்க வந்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றாள். முன்னால் முப்பது பேராவது இருந்தார்கள். யாருக்கும் அவசரமில்லை.