இரண்டாவது கல்லும் வீட்டு அடுப்பும்

தோசைக்கல் முன்னால் நிற்பவனுக்கு முதுகுவலி இரண்டாவது நோய்தான், முதல் நோய், "இத வீட்ல எப்படி செய்யறது மாஸ்டர்?" என்று கேட்கும் வாடிக்கையாளர்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில் பதினெட்டு வருஷமாக நான் தோசை மாஸ்டர். அங்கே இரண்டு கல். முதல் கல் எனக்கு முன்பே வந்த மாஸ்டருடையது. இரண்டாவது என்னுடையது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பி எரிவது. திடீரென்று ஊரே செல்போனில் வீடியோ பார்த்து ஓட்டல் பண்டங்களை வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மேசைகள் காலியாகக் கிடந்தன. முதலாளி என் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆவணி வரைக்கும் பாக்கறேன். அப்பவும் கூட்டம் இல்லன்னா ஒரு கல்லு போதும்பா."

அன்றிலிருந்து செய்முறை கேட்டு வந்தவர்கள் எல்லோரும் என் சோற்றில் மண் போட வந்தவர்களாகவே தெரிந்தார்கள். ஆனாலும் கேட்டால் சொல்லாமல் இருக்க என் வாய்க்குத் தெரியாது. ஓட்டல் ருசிக்கு ஆசைப்பட்டு வீட்டில் கை சுட்டுக்கொண்ட நண்பர்களே, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வாத்தியாரின் கல்

முசரவாக்கத்து வாத்தியார் ஒருவர், நெய் ரோஸ்ட் முறுகலாக வருவதன் ரகசியம் என்ன என்று கேட்டார். "கல்லுதான் சார்" என்றேன். மனிதர் எங்கள் கல் அளவுக்கே ஓர் இரும்புக் கல்லை வாங்கிவிட்டார். அதை வீட்டுக்குள் கொண்டுபோக இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்ததாம். எங்கள் கல்லுக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தீ எரியும். அவர் வீட்டு கேஸ் அடுப்பில் தீ உள்ளங்கை அளவு.

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு வந்து நாலு நெய் ரோஸ்ட் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்: "நடுவுல கரி, ஓரத்துல பச்சை மாவு, ரெண்டுக்கும் இடையில ஒரு விரல் அகலத்துக்கு உங்க தோசை வந்துச்சி மாஸ்டர்."

பூச்சி அரிக்காத இட்லி

பட்டுச்சேலை வியாபாரம் செய்கிற வீட்டு அம்மா ஒருவருக்குக் கோயில் இட்லி மேல் ஆசை. மிளகு, சீரகம், சுக்கு போட்டு, நெய் விட்டு, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகவைக்கிற இட்லி அது. குடலைக்கு எங்கே போவது என்று கேட்டார். "எந்த மூங்கில் கூடையானாலும் சரிம்மா" என்று சொல்லிவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். பட்டு வீட்டில் மூங்கில் கூடைக்குள் என்ன இருக்கும் என்று காஞ்சிபுரத்துக்காரன் யோசிக்க வேண்டாமா? பட்டு நூலை அந்துருண்டை போட்டு வருஷக்கணக்கில் வைத்திருந்த கூடை. நாலு தடவை கழுவித்தான் எடுத்தாராம். வெந்ததும் மூடியைத் திறந்தால் வீடு முழுக்க பீரோ வாசனை. நல்லவேளை, யாரும் வாயில் வைக்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிட்டு அந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டார்: "எங்க மாமியார் இன்னா சொன்னாங்க தெரியுமா? இந்த இட்லிய பத்து வருஷம் ஆனாலும் பூச்சி அரிக்காதுன்னாங்க."

கசூரி மேத்தி

ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் ஒருவர் பன்னீர் பட்டர் மசாலாவுக்குப் பக்குவம் கேட்டார். அது என் இலாகா இல்லை. உள்ளே கேட்டுச் சொன்னேன். முந்திரி, வெண்ணெய், கிரீம், கசூரி மேத்தி என்கிற காய்ந்த வெந்தயக்கீரை என்று எல்லாவற்றையும் முழுப் பாக்கெட்டாக வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன்தான் போட்டாராம், மிச்சம் அப்படியே இருந்ததாம். இரண்டு வாரம் கழித்து எங்களிடமே அதை ஆர்டர் செய்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல மாஸ்டர், அதுக்குள்ள பேரப்புள்ளைங்க வரைக்கும் கசூரி மேத்தி சேத்துட்டேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை

இந்தக் கதைகளையெல்லாம் கேட்டு என் மனைவி செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை, என் வார லீவு, அவள் சிரிக்காமல் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சூடா ஊத்திக்கினு இருக்கீங்க. நான் ஒரு தபா உங்க கையால சூடா சாப்ட்டது இல்ல." எனக்குச் சுருக்கென்றது. நான் வீட்டுக்குக் கொண்டுபோனதெல்லாம் பொட்டலத்தில் ஆறிய தோசைதான். வெட்கத்தோடு லுங்கியை மடித்துக் கட்டினேன்.

ஓட்டல் கைக்கு அளவு என்றால் ஐம்பது பேர். பிள்ளைகளோடு சேர்த்து நாலு பேருக்கு உப்பு எவ்வளவு என்று அந்தக் கைக்குத் தெரியாது. சாம்பாரில் உப்பு ஏறியது. தண்ணீர் விட்டேன். புளிப்பு போதவில்லை, புளி கரைத்தேன். பாத்திரம் போதவில்லை, பக்கத்து வீட்டு குண்டானை வாங்கினேன். அதன் பிறகு வடை, மூன்று சட்னி. செல்வி ஆறு தோசை சாப்பிட்டாள். எனக்குப் பார்க்கவே வயிறு நிறைந்துவிட்டது.

பிறகுதான் குழாயடியைப் பார்த்தேன். ஓட்டலில் நான் ஒரு கரண்டிகூடக் கழுவியதில்லை. அதற்கு ஆள் உண்டு. வீட்டில் கழுவ நாங்கள் இரண்டு பேர்தான். தேய்த்து முடிக்கும்போது விளக்கு வைக்கிற நேரம். செல்வி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்: "தேய்ச்ச தேய்ப்புல தின்னதெல்லாம் செரிச்சிப்போச்சி. ஓட்டல்ல எதுனா வாங்கிக்கினு வாங்க."

கரும்பலகை

அடுத்த ஞாயிறு செல்வி பிள்ளைகளோடு ஓட்டலுக்கே வந்தாள். சுடச்சுட ஊற்றினேன். காசு கொடுக்கப் போனவளை முதலாளி வம்புக்கு இழுத்தார்: "வீட்லயே மாஸ்டர வெச்சிக்கினு இங்க வந்துட்டியேமா?" செல்வி சொன்னாள்: "வீட்லயும் இதே கைதாங்க, இதே தோசைதாங்க. இங்கதான் சாப்ட்டு எழுந்து கை மட்டும் கழுவினா போதும்."

மறுநாள் காலையில் வாசல் கரும்பலகையில் இன்றைய ஸ்பெஷலுக்கு மேலே அந்த வரி இருந்தது: சாப்பிட்டு எழுந்து கை மட்டும் கழுவினால் போதும். அதைப் படித்த பெண்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்காரர்களை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பட்டு வீட்டு அம்மா மாமியாரையும் அழைத்து வந்தார். ஆவணி முடிந்த ஞாயிறு, வாசலில் நாற்காலி போட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். முதலாளி நேராக என் கல்லுக்கு வந்தார். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த வாத்தியார் வீட்ல பெரிய கல்லு ஒண்ணு சும்மா கெடக்குதாமே, குடுப்பாரான்னு கேட்டுப் பாரேம்பா."

ஆகையால், ஓட்டல் சாப்பாட்டை வீட்டில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் இப்போது மனதாரச் சொல்வது, தாராளமாகச் செய்து பாருங்கள், செய்து பார்த்தவர்களால்தான் என் அடுப்பு எரிகிறது.