வடக்குச் சுவரில் கிடந்த மட்டி

ஐயா, அந்த வடக்குச் சுவரைக் கட்டியவர் நீங்கள்தான். பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் கூடவே வேறு வார்த்தைகளும் வந்துவிடும்.

நிலநடுக்கம் வந்தால் தாங்குகிற மாதிரி கான்கிரீட் சுவர்களைப் பலப்படுத்துவது என் தொழில். அடுத்தவர் மூடிவிட்டுப் போனதைத் திறந்து பார்க்கிற தொழில் என்றும் சொல்லலாம். சித்தாளாகச் சட்டி சுமந்து, திட்டு வாங்கி, கூலிக்குச் சண்டை போட்டு மேஸ்திரியானவள் நான். புது வீட்டு விரிசலுக்கு முன்னால் நின்று தலையில் கை வைத்தவர்கள் எல்லோரும் என் கட்சி. இதை எழுதுவது அவர்களுக்காகவும்தான்.

இடுப்போடு நின்றது

பழவேற்காட்டுப் பக்கம் தோணிரேவில் ஏரியைப் பார்த்தாற்போல் ஒரு கூடம் இருக்கிறது. பகலில் பெண்கள் அங்கே இறால் பிரிப்பார்கள். புயல் என்றால் ஊரே பாயோடு வந்து படுக்கும். மூன்று பக்கச் சுவர் பழசு. திறந்து கிடந்த வடக்குப் பக்கத்தை மட்டும் பிற்பாடு நீங்கள் அடைத்தீர்கள். ஒரு நாள் தரை லேசாக அதிர்ந்து இறால் தட்டுகள் கடகடத்ததாம். மகளிர் குழுத் தலைவி தேசம்மா அக்கா அன்றைக்கே கூடத்தைப் பூட்டிவிட்டு எனக்குப் போன் போட்டார். மழைக்கு முன்னால் நாலு சுவரும் சரியாக வேண்டும், அதுவரை ஒரு குஞ்சு குளுவானைக்கூட உள்ளே விடமாட்டேன் என்றார்.

சுவருக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்ட ஒரு கருவி இருக்கிறது. கம்பி இருந்தால் கத்தும். மூன்று சுவரிலும் நன்றாகவே கத்தியது. வடக்கில் இடுப்பு உயரம் வரை கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று மாற்றிக்கூடப் பார்த்தேன். பூச்சைக் கொத்தினால், கம்பி அங்கேயே வெட்டி விடப்பட்டிருந்தது. தேசம்மா அக்கா குனிந்து பார்த்தார்.

"இத்தினூண்டு இறாலுக்கே தலையிலேர்ந்து வாலு வரைக்கும் ஓடு கீது. இதுக்கு இடுப்போட பாவாடைதானா?"

ஆடுகிற இடம்

அக்காவின் வீட்டுக்காரர் மாரி படகுக்காரர். அவருக்கு என் வேலையிலேயே சந்தேகம். "பழவேற்காட்டுல டச்சுக்காரன் கல்லறைச் சுவரு எத்தினி காலமா நிக்குது. அதுல இன்னா கம்பியா வச்சான்?" என்றார். கோபம் வந்தது; ஆனால் கேள்வி என்னை விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சாண் போட்டு அளந்தே பார்த்துவிட்டேன். அது குட்டையும் கனமுமாக உட்கார்ந்திருக்கிறது. நம் கூடத்துச் சுவரோ ஒல்லி, நெட்டை.

திரும்பி வந்து சொன்னேன்: தரை அசைந்தால் சுவரின் அடி நகரும், தலை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், நடுவில் முறியும். கம்பி இருந்தால் சட்டென்று முறியாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மாரி எழுந்து, படகில் விறைப்பாக நிற்பவன் எப்படித் தண்ணீரில் விழுவான் என்று மணலில் விழுந்தே காட்டினார். மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"தெனமும் ஆடுற எடத்துலதான் நாங்க நிக்கிறோம் மேஸ்திரிம்மா. முட்டிய மடக்கத் தெரியாதவன் சுவரா இருந்தா இன்னா, மனுசனா இருந்தா இன்னா?"

மெஷ்ஷுக்கு மஞ்சள் தண்ணீர்

சுவரின் இரண்டு பக்கமும் வலை மாதிரிப் பின்னிய இரும்பு மெஷ் விரித்து, துளை போட்டுக் குறுக்குக் கம்பி நட்டு, மேலே புதுக் கான்கிரீட் ஏற்ற வேண்டும். மெஷ் சுருள்களைப் பொன்னேரியிலிருந்து வண்டியில் அனுப்பிவிட்டு, நானும் என் கம்பி வேலை ஆள் முனுசாமியும் பஸ்ஸில் போய் இறங்கினோம். சுருள்கள் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தன. மேலெல்லாம் மஞ்சள் புள்ளி.

ஊருக்குள் புது வலை வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அந்த உப்புத் தண்ணீர் ஏரியில் ஒரு முக்கு முக்கி எடுப்பார்களாம். நான் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்குகள் எழுந்தன. உப்பு ஏறிய கம்பி கான்கிரீட்டுக்குள் போயும் துருப்பிடிக்கும், துரு ஊதி சுவரையே பிளக்கும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். பிறகு பேரம் பேசினேன்: கழுவ நல்ல தண்ணீர் அவர்கள் சுமந்தால், தேய்க்கிற கூலியை நான் கேட்கமாட்டேன். பெண்கள் வரிசையாக நின்று அறுபது குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். கடைசிக் குடத்தை இறக்கிவிட்டு தேசம்மா அக்கா கேட்டார்:

"நூலோ இரும்போ, கண்ணு கண்ணா இருந்தா முக்கித்தான் எடுப்போம். மரியாத பண்ணதுக்கு இப்பிடியா கத்துவ?"

கொக்கி

குறுக்குக் கம்பியின் முனையை முனுசாமி உள்பக்கமாக நன்றாக வளைத்துக்கொண்டிருந்தான். சும்மா மடக்கி விட்டால் ஆட்டத்தில் வாய் திறந்து மெஷ்ஷை விட்டுவிடும். வேலை கொடுப்பவர்களோடு எப்போதும் இதற்குத்தான் சண்டை வரும். "கம்பியை வீணாக்குறான்" என்பார்கள். இங்கே மாரி ஒரு கம்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தூண்டில் முள்ளு மாதிரி" என்று சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்து வளைக்க ஆரம்பித்தார். முனுசாமி என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இனிமே மீன் புடிக்கிறவங்க வூட்டு வேலையா பாத்துப் புடி."

மட்டி

மூன்று சுவர் முடிந்தது. சுத்தியலால் தட்டினால் கணீர் என்றது. வடக்குச் சுவரில் துளை போட்டோம், மாவாகக் கொட்டியது. பசை ஊற்றி நட்டு, மறுநாள் இழுத்துப் பார்த்தால், கம்பி முனுசாமியின் கையோடு வந்துவிட்டது. கூடவே வெள்ளையாக ஏதோ விழுந்தது. சின்ன மட்டி ஓடு. சுவருக்குள் இது எப்படி வந்தது? இன்னும் கொத்தினேன். ஒரு கை நிறைய வந்தது.

தேசம்மா அக்கா அதைப் புடவையில் துடைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். "முகத்துவாரத்து மட்டி. கழுவாத மண்ண அப்பிடியே அள்ளிக் கொட்டிக்கிறான்" என்றார். உப்பு மண்ணில் கட்டிய அந்தச் சுவரில் நான் என்ன ஏற்றினாலும் நிற்காது. இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. கூடம் பூட்டியே கிடக்கிறது. பெண்கள் வெயிலில் இறால் பிரிக்கிறார்கள்.

எல்லோர் முன்னாலும்தான் உங்களுக்குப் போன் போட்டேன். "சுவர் நிக்குதில்ல, அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டீர்கள். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"தெரியாம உப்புல முக்குனதுக்கு நாங்க அறுபது கொடம் சொமந்தோம். தெரிஞ்சே உப்புல கட்டுனவரு எத்தினி கொடம் சொமக்கணும்னு கேளு."

கேட்டுவிட்டேன் ஐயா, மழை இறங்குவதற்குள் வந்து அந்தச் சுவரை இடித்து, நல்ல மணலில், தலை வரைக்கும் கம்பி வைத்துக் கட்டிக் கொடுங்கள், குடம் நாங்கள் தருகிறோம்.