லாமினாருக்கு மாலை போட்ட வருஷம்

1. மொட்டைக்கு முன்னுரிமை

இந்தத் தொழிலில் நான் முதலில் கற்ற பாடம் செடியைப் பற்றியது அல்ல, தலைமுடியைப் பற்றியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏற்றுமதி என்று சொன்னாலே பேங்க் மேனேஜர் எழுந்து நாற்காலி போட்ட காலம். என்னோடு சித்தூரில் பி.எஸ்சி. பாட்டனி படித்தவர்களில் பாதிப் பேர் பாட்டனியை ஊரிலேயே விட்டுவிட்டு பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறியிருந்தார்கள். நான் மட்டும் திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் புதிதாகத் திறந்த டிஷ்யூ கல்ச்சர் லேபில் இன்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்தேன். முதலாளி முரளி சார் என் மார்க் ஷீட்டைத் திறக்கவே இல்லை. என் பின்னலைப் பார்த்தார்.

"இவ்ளோ முடியா? இத எப்படிம்மா உள்ள கொண்டுபோறது?"

எனக்குப் பக்கத்தில் பிச்சாட்டூரிலிருந்து வந்த வள்ளி உட்கார்ந்திருந்தாள். பத்தாவது படிப்பு. போன வாரம்தான் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தலை பளபளவென்று இருந்தது. முரளி சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நீ நாளைக்கே வா. எப்பவும் இப்படியே இருக்க முடியுமா?"

"வேண்டுதல் இருந்தா இருக்கலாம் சார்," என்றாள் வள்ளி.

என்னையும் எடுத்துக்கொண்டார், இரண்டு தொப்பி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. என் டிகிரிக்கு அங்கே கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

2. வாயை மூடிக்கொண்டிருக்கும் செடி

வேலை இதுதான். ஆர்கிட் செடியின் தளிர் நுனியை மிளகு அளவுக்கு வெட்டி, கண்ணாடி பாட்டிலில் ஜெல்லி மாதிரி இருக்கும் மீடியத்தில் வைப்போம். சில வாரங்களில் அது குட்டி போடும். குட்டிகளைப் பிரித்து மறுபடியும் வெட்டுவோம். இதற்கு ஆதாரமாக வைத்திருக்கும் பாட்டில்களுக்கு மதர் ஸ்டாக் என்று பெயர். அது போனால் கம்பெனியே போயிற்று.

ஒரு துண்டிலிருந்து எப்படி முழுச் செடி வருகிறது என்று வள்ளி கேட்டாள். மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். கட்டம் கட்டமாக செல்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுவர். சுவருக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. நடுவில் தண்ணீர்த் தொட்டி போல வெற்றிடப்பை. ஓரமாக ஒதுங்கிய உருண்டைதான் நியூக்ளியஸ். வேர், இலை, பூ எல்லாவற்றுக்குமான விவரம் அதற்குள் இருக்கிறது. இலையில் இருக்கும் செல்லிலும் முழு விவரமும் உண்டு, இலைக்கு வேண்டியதை மட்டும் அது பயன்படுத்துகிறது என்றேன்.

வள்ளி கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அப்போ ஒவ்வொண்ணுக்குள்ளயும் மொத்த செடியும் வாய மூடிக்கினு குந்திக்கினு கீது. நாம சோறு போட்டா வாயத் தொறக்குது. அவ்ளோதான க்கா?"

நான் மூன்று வருஷம் படித்ததை அவள் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள். பிறகு புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் இதையே என் சொந்தச் சரக்கு போலச் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தச் சோற்றில்தான் சிக்கல். சர்க்கரை, உப்புகள், ஹார்மோன், ஆர்கிட்டுக்கு மட்டும் கொஞ்சம் தேங்காய்த் தண்ணீர். செடியின் செல் இதை நிதானமாகச் சாப்பிடும். பூஞ்சைக்கு நிதானமெல்லாம் கிடையாது. ஒரே ஒரு வித்து உள்ளே விழுந்தால் போதும், கல்யாணப் பந்தியில் முதல் வரிசையைப் பிடித்தவர்கள் மாதிரி மொத்தத்தையும் காலி செய்துவிடும். அதனால் வெட்டும் வேலை முழுவதும் லாமினாரில் நடக்கும். லாமினார் என்பது ஒரு மேஜை. அதன் பின்சுவரில் இருக்கும் ஃபில்டர் வழியாகச் சுத்தமான காற்று நம் முகத்தைப் பார்த்து வீசிக்கொண்டே இருக்கும். கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் காட்டி அந்தக் காற்றுக்குள் வெட்ட வேண்டும். பேசக்கூடாது, இருமக்கூடாது. வள்ளி பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

3. பெத்தய்யாவின் நல்ல நேரம்

ஒரு வருஷத்தில் என்னை கல்ச்சர் ரூம் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஹாலந்திலிருந்து முதல் பெரிய ஆர்டரும் வந்தது. கூடவே ஆயுத பூஜையும் வந்தது.

முரளி சாரின் அப்பாவை எல்லோரும் பெத்தய்யா என்றுதான் கூப்பிடுவோம். மாந்தோப்பை விற்று லேபுக்குப் பணம் போட்டவர். மாமரம் காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவர், பாட்டிலில் செடி வளர்வதை மட்டும் நம்பவே இல்லை. பூஜை இல்லாமல் மிஷின் ஓடாது என்பதை முழுமையாக நம்பினார். நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ், ஏ.சி., லாமினார், கத்தி எல்லாவற்றுக்கும் பொட்டு. லாமினாரின் காற்று வரும் முகத்தில் கனத்த சாமந்தி மாலை. அறைக்குள்ளேயே கற்பூரம், சாம்பிராணி. வாசலில் பூசணிக்காய். மறுநாள் விஜயதசமி, அன்றைக்கு நல்ல நேரத்தில் அதே கத்தியால் மதர் ஸ்டாக்கை வெட்டி ஆர்டரைத் தொடங்க வேண்டும். இதுதான் திட்டம்.

நான் சொல்லிப் பார்த்தேன். "பெத்தய்யா, பூவுல பூஞ்சை இருக்குது, புகை ஃபில்டர அடைச்சுடும். ரூமுக்கு வெளிய வெச்சுக்கலாமே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"ஏமம்மா எஸ்தரு, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு இதெல்லாம் புடிக்காது, தெரியும். எங்க சாமிய வெளிய நிக்கச் சொல்றியா?"

நான் பூஞ்சையைப் பற்றிப் பேசினேன், அவர் காதில் இயேசு விழுந்தார். அதற்குமேல் நான் எதைச் சொன்னாலும் பிரசங்கமாகத்தான் கேட்டிருக்கும். முரளி சார் பெங்களூரில் படித்தவர், அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அப்பா முன்னால் என் பக்கம் பேசவில்லை. "ஒரு நாள்தானே எஸ்தர், விட்டுடு," என்றார்.

விஜயதசமி காலையில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து வெட்டினோம். குங்குமம் ஒட்டிய கத்தி, சாமந்தி இதழ் பறக்கும் லாமினார். மாலை தானாகக் காயும் வரை எடுக்கக்கூடாதாம். மதர் ஸ்டாக்கில் கடைசி ரேக் மட்டும் பாக்கி இருக்கும்போது பெத்தய்யா கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"ஆபு, ஆபு! ராகு காலம் வந்துடுச்சு. நிறுத்துங்க."

நிறுத்தினோம். அந்த ரேக் வெட்டாமலே ரூமின் மூலையில் நின்றுவிட்டது.

4. பச்சை

சில நாளில் பாட்டில்களில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தது. பிறகு பச்சை, பிறகு கருப்பு. விஜயதசமியன்று வெட்டியதில் தப்பித்த பாட்டில் ஒன்றுகூட இல்லை. வள்ளி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஓரம் கட்டினாள். அன்றைக்கு லாமினார் ஓடவில்லை.

பெத்தய்யா வந்தார், பார்த்தார், தீர்ப்புச் சொன்னார். "மனசுல வேண்டாம்னு நெனச்சுக்கினு செஞ்ச கை இருக்கே, அந்தக் கை பட்டது உருப்படுமா? அந்தப் பொண்ண மொதல்ல அனுப்பு."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அந்தப் பூஞ்சையை யார் கொண்டுவந்தது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போக வேண்டியது நான். வேலை போனால் எனக்கு என்ன காத்திருந்தது என்பதும் தெரியும். பெங்களூரில் அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறார்கள், அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளமில்லாத ஆள் தேவை. "நீ சும்மாதான இருக்கப் போற" என்று அண்ணன் ஒவ்வொரு போனிலும் சொல்லிக்கொண்டிருந்தான். மைக்ரோஸ்கோப்பைவிட்டு பால் புட்டிக்குப் போக எனக்கு மனமில்லை.

முரளி சாரிடம் சொன்னேன். "சார், என்ன அனுப்புறதுன்னா அனுப்புங்க. அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். பெத்தய்யா ஒரு பிளேட்டுக்கு பூஜை பண்ணட்டும். எங்க பாஸ்டர் ஒரு பிளேட்டுக்கு ஜெபம் பண்ணட்டும். மூணாவது பிளேட்ட யாரும் ஒண்ணும் செய்ய வேணாம்."

முரளி சார் தயங்கினார். பெத்தய்யாதான் ஒத்துக்கொண்டார். போட்டி என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வரட்டும். அவங்க சாமியும் வரட்டும்."

5. பாஸ்டர் ஐயாவின் எச்சில்

எங்கள் பாஸ்டர் ஐயா சித்தூரிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எதற்குக் கூப்பிடுகிறேன் என்று முழுதாகச் சொல்லவில்லை. ஸ்தாபனத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன், அதில் பொய்யில்லை.

அதற்குள் புது ஃபில்டர் மாட்டி, அறையைக் கழுவி வைத்திருந்தோம். மீடியம் ஊற்றிய, மூடி போட்ட மூன்று கண்ணாடி பிளேட். முதல் பிளேட்டைத் திறந்து வைத்தோம். பெத்தய்யா கற்பூரம் காட்டி, பூவைச் சுற்றி, மந்திரம் சொல்லி மூடினார். இரண்டாவதைப் பாஸ்டர் ஐயா முன்னால் வைத்தோம். அவர் இரண்டு கையையும் அதன்மேல் விரித்து, கண்ணை மூடி ஆரம்பித்தார். இந்த ஸ்தாபனத்துக்காக, முதலாளிக்காக, முதலாளியின் தகப்பனாருக்காக, ஹாலந்து தேசத்து ராணிக்காக, திருத்தணி ரோட்டில் லாரி ஓட்டப்போகும் டிரைவருக்காக என்று போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது பிளேட் லாமினாரின் காற்றில் அவ்வளவு நேரமும் திறந்தே கிடந்தது. பெத்தய்யாவே அசந்துபோய், "இவரு நம்ம புரோகிதர விட அதிகமா சொல்றாரே," என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நரகம். பிளேட்டைத் திறக்கும் நாளில் பாஸ்டர் ஐயாவும் வந்துவிட்டார்.

பெத்தய்யாவின் பிளேட்டில் பச்சையும் கருப்பும். பாஸ்டர் ஐயாவின் பிளேட்டில் வெள்ளைப் பூஞ்சையோடு மஞ்சளாக, பளபளவென்று பாக்டீரியா. வாயிலிருந்து வருகிற வகை. மூன்றாவது பிளேட் ஊற்றி வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

பாஸ்டர் ஐயா குனிந்து பார்த்தார். "ஏம்மா எஸ்தர், என் ஜெபத்துல ஏதாவது குறைவு இருந்துச்சா?"

"குறைவு ஒண்ணும் இல்லீங்கய்யா. எச்சில் இருந்துச்சு."

வள்ளி சிரிப்பை அடக்க வெளியே ஓடினாள். பெத்தய்யா சிரிக்கவில்லை. மூன்று பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்களுக்கு பச்சை. உங்களுக்கு மஞ்சள்." பிறகு மூன்றாவதைக் காட்டிக் கேட்டார். "இதுல ஒண்ணுமே இல்லியேம்மா?"

"ஒண்ணுமே இல்லாததுதான் பெத்தய்யா நமக்கு வேணும். செடிக்கு நாம குடுக்க வேண்டியது அதுதான்."

அவர் எழுந்து மூலைக்குப் போனார். வெட்டாமல் விட்ட ரேக் அங்கே பச்சைப்பசேலென்று, ஆனால் சரியான பச்சையில், குட்டிகளோடு நின்றது. ஆர்டருக்கு எங்களுக்கு மிஞ்சியிருந்தது அது மட்டும்தான்.

"ராகு காலம்னு நான் நிறுத்தலன்னா இது இருந்திருக்குமா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இருந்திருக்காது. அதையும் நாங்களே வெட்டி அழித்திருப்போம்.

"இருந்திருக்காது பெத்தய்யா," என்றேன்.

"அது!" என்று மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். என்னை அனுப்புவதைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. என் டெஸ்ட் என் வேலையைக் காப்பாற்றியது, அவருடைய பஞ்சாங்கம் கம்பெனியைக் காப்பாற்றியது. இதைத் தொழில்நுட்பக் கட்டுரையில் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

6. கேட்டில் உடைத்த தேங்காய்

அந்த ரேக்கை வைத்துப் பெருக்கி ஆர்டரைத் தாமதமாகவாவது அனுப்பினோம். பெத்தய்யா அந்தச் செடிகளை "ராகுகாலப் பிள்ளைங்க" என்றுதான் சொல்வார்.

அடுத்த ஆயுத பூஜை நெருங்கியது. வேண்டாம் என்றால் மறுபடியும் சண்டை. வள்ளிதான் வழி சொன்னாள். "தேங்கா தண்ணி நாம வாங்கிக்கினுதான வரோம் க்கா? அவரு கேட்டாண்ட ஒடைக்கட்டும். நான் குண்டான் புடிக்கறேன்."

அப்படியே செய்தோம். மாலை கேட்டுக்கு, பொட்டு வெளியில் இருக்கும் ஆட்டோகிளேவுக்கு. பெத்தய்யா தேங்காய்களை ஆசை தீர உடைத்தார். வள்ளி தண்ணீரைப் பிடித்தாள். நான் வடிகட்டி, மீடியத்தில் கலந்து, ஆட்டோகிளேவில் கொதிக்க வைத்தேன். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்று பாட்டில்களைப் பார்க்கும் போதெல்லாம் வருகிறவர்களிடம் சொல்லுவார். "லோபல மன கொப்பரி நீள்ளு." உள்ளே நம் தேங்காய்த் தண்ணீர் என்று பெருமை. கிறிஸ்துமஸுக்கு பாஸ்டர் ஐயாவும் வருவார், கேட்டிலேயே ஜெபம், கேட்டிலேயே கேக்.

நான் கற்றது இதுதான். ஒருவரின் நம்பிக்கையை அறைக்குள் விடாமல் கதவைச் சாத்துவது சுலபம். அதற்கு வெளியில் ஒரு நல்ல இடம் போட்டுக் கொடுக்காவிட்டால் அது ஜன்னல் வழியாக வந்துவிடும். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அது யாரையும் திட்டி அனுப்புவதில்லை. வேண்டியதை உள்ளே எடுத்துக்கொள்கிறது, மற்றதை வெளியில் நிற்க வைக்கிறது.

கல்ச்சர் ரூம் கதவில் தமிழிலும் தெலுங்கிலும் நானே ஒரு போர்டு எழுதி மாட்டினேன். "சாமி கும்பிட்ட பிறகு கை கழுவவும்." பெத்தய்யா கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார். ஏதாவது சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டு நின்றேன்.

"சரியா எழுதியிருக்கம்மா," என்றார். "சாமி முன்னாடி, மத்ததெல்லாம் அப்புறம்."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.